கிரீன் பே பேக்கர்ஸின் தலைமைப் பயிற்சியாளர்கள்: லாம்போ முதல் லஃப்லூர் வரை

கேட்கப்பட்டவை இரண்டு. அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸுக்கு இதுவரை யார் யார் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தார்கள்? ஐந்து பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டி போன பிறகு அந்த அணி ஏன் கால் நூற்றாண்டு எழுந்திருக்கவே இல்லை? இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வியின் பட்டியல் தானாகவே விளங்கிவிடும்.

1921-ல் லீகில் (இன்றைய NFL) சேர்ந்ததிலிருந்து, இடைக்காலத்தில் ஓரிரு ஆட்டங்களுக்கு வந்து போனவர்களை விட்டுவிட்டால், மொத்தம் 15 பேர். அணியின் 13 சாம்பியன் பட்டங்களும் இவர்களில் நாலே பேர் கணக்கில்தான் இருக்கின்றன: கர்லி லாம்போ 6, லம்பார்டி 5, மைக் ஹோம்கிரன் 1, மைக் மெக்கார்த்தி 1. மற்ற 11 பேரும் திறமையில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்களில் ஹால் ஆஃப் ஃபேமில் (தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியல்) இடம்பெற்ற ஆட்டக்காரர்களும் உண்டு, கல்லூரி மட்டத்தில் பெயரெடுத்த பயிற்சியாளர்களும் உண்டு. ஒவ்வொருவர் காலத்திலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது?

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் மைதானத்துக்குள் போனதும் முடிவெடுப்பது கேப்டன். அமெரிக்கக் கால்பந்தில் அந்த வேலையில் பெரும்பகுதி பயிற்சியாளருடையது. ஒவ்வொரு பந்துக்கும் 11 பேரும் எந்தப் பக்கம் எத்தனை அடி நகர வேண்டும் என்பது வரை முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார். ஜெனரல் மேனேஜர் வேறு ஆள். டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாக ஆள் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பது, ஒப்பந்தம் போடுவது, வேறு அணிகளோடு ஆள் மாற்றிக்கொள்வது எல்லாம் அவர் வேலை. பயிற்சியாளருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க வேண்டும். மேனேஜர் மூன்று வருஷம் தள்ளி யோசிக்க வேண்டும். போதாக்குறைக்கு, கல்லூரி ஆட்டங்களும் தொழில்முறை ஆட்டங்களும் ஒரே இலையுதிர் காலத்தில் நடக்கின்றன. சனிக்கிழமை ஏதோ ஒரு கல்லூரி மைதானத்தில் ஆள் தேட வேண்டிய நேரத்தில், பயிற்சியாளர் மறுநாள் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். இரண்டு பதவியையும் ஒருவரே வைத்திருந்தால் ஏதோ ஒன்று கெடும். பெரும்பாலும் டிராஃப்ட்தான் கெடும், அதுவும் இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

பேக்கர்ஸுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இந்த அணிக்கு முதலாளி கிடையாது. 1923-ல் ஒரு பங்கு 5 டாலர் என்று ஊர்மக்களிடம் விற்றுத் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல்; லாபப் பங்கு கிடையாது. நிர்வாகம் ஒரு குழுவிடமும் தலைவரிடமும் இருக்கிறது. முதலாளி இல்லாத இடத்தில் அதிகாரம் யாரிடம் என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை.

லாம்போ கிரீன் பே ஊர்க்காரர். 1919-ல் வேலை பார்த்த இறைச்சி பதப்படுத்தும் கம்பெனியிடம் சீருடைக்கு 500 டாலர் வாங்கி அணியைத் தொடங்கினார். பேக்கர்ஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1920-களில் தானே ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். 1929, 1930, 1931 என்று அடுத்தடுத்து மூன்று பட்டம், பிறகு 1936, 1939, 1944. மற்றவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் பாஸை, அதாவது பந்தை முன்னால் எறிந்து ஆடுவதை, நம்பினார். 1935-ல் வந்த டான் ஹட்சன் 11 வருஷத்தில் 99 டச் டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) பாஸ்களைப் பிடித்தார். பல பத்தாண்டுகள் அசையாத சாதனை அது.

அவர் வளர்ந்த சூழல் வேறு. 1936 வரை டிராஃப்டே கிடையாது. ஆளைக் கண்டுபிடித்துப் பேசிக் கையெழுத்து வாங்குகிறவருக்குத்தான் லாபம். அந்த வித்தையில் லாம்போ கெட்டிக்காரர். அந்தக் காலம் போனதும் அவருடைய அனுகூலமும் போய்விட்டது. ஹட்சன் 1945-ஓடு ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் போட்டி லீக் ஒன்று முளைத்துச் சம்பளங்களை ஏற்றிவிட்டது. சிகாகோ பேர்ஸ் 1940 இறுதி ஆட்டத்தில் டி ஃபார்மேஷன் என்ற ஆட்ட அமைப்பை வைத்து வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கிய பிறகும் லாம்போ பழைய நோட்டர் டேம் பாக்ஸ் அமைப்பிலேயே இருந்தார், 1947-ல்தான் மாறினார். 1946-ல் ராக்வுட் லாட்ஜ் என்ற விடுதியை வாங்கிப் பயிற்சி முகாமாக்கினார். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண். அதில் ஓடி ஓடி ஆட்டக்காரர்களின் முழங்காலும் கணுக்காலும் வலித்தன. 1948-ல் 3 வெற்றி, 1949-ல் 2 வெற்றி. 1950 ஜனவரியில் அந்த விடுதி தீப்பிடித்து எரிந்தது. ஒரு வாரத்துக்குள் லாம்போ ராஜினாமா செய்து சிகாகோ கார்டினல்ஸுக்குப் போய்விட்டார். நொடித்துப்போயிருந்த கிளப்பை அந்தக் காப்பீட்டுப் பணம்தான் தூக்கி நிறுத்தியது.

அடுத்த ஒன்பது வருஷத்தில் மூன்று பேர். ஜீன் ரொன்சானி (1950–53) இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே விலகினார். லைல் பிளாக்பர்ன் (1954–57) 17 வெற்றி, 31 தோல்வி. ரே மெக்லீன், எல்லோருக்கும் 'ஸ்கூட்டர்', 1958-ல் ஒரே ஒரு வருஷம்: 1 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து போக்கர் ஆடுகிற நல்ல மனிதர். பால்டிமோர் கோல்ட்ஸிடம் 56-0 என்று தோற்றதும் அந்த வருஷம்தான். நிர்வாகக் குழுவினர் பயிற்சியாளரைக் கூப்பிட்டு வைத்து ஏன் இப்படி ஆடினீர்கள் என்று விசாரித்த காலம் அது. வியாபாரிகளும் வக்கீல்களும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லியே அவர்கள் தெம்பு போனது.

இருந்தாலும் அந்த இருண்ட வருஷங்களைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. ஜாக் வைனிசி என்ற இளம் ஸ்கவுட் சத்தமில்லாமல் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். 1956-ல் ஃபாரஸ்ட் கிரெக், 17-வது சுற்றில் பார்ட் ஸ்டார். 1957-ல் பால் ஹார்னங், ரான் கிரேமர். 1958-ல் ஜிம் டெய்லர், ரே நிட்ச்கே, ஜெரி கிரேமர். லம்பார்டியின் வெற்றியைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சமையல்காரர் வருவதற்கு முன்பே சாமான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. வைனிசி 1960 நவம்பரில் 33 வயதில் இறந்தார். ஒரு பட்டத்தையும் பார்க்கவில்லை.

லம்பார்டி நியூயார்க் ஜயன்ட்ஸில் தாக்குதல் பிரிவு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். 1959-ல் 45 வயதில் கிரீன் பே வந்தபோது பயிற்சியாளர் பதவியோடு ஜெனரல் மேனேஜர் பதவியையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அன்றோடு குழுவின் தலையீடு நின்றது. முதல் வருஷமே 7-5, அதாவது 7 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் பிலடெல்பியாவிடம் 17-13 தோல்வி. அதன் பிறகு பிளேஆஃபில் (பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் ஆட்டங்கள்) அவர் தோற்கவே இல்லை. 1961, 1962, 1965, 1966, 1967 பட்டங்கள். கடைசி இரண்டு பருவங்களில் முதல் இரண்டு சூப்பர் பவுல்களும் (பருவத்தின் கடைசிப் பெரிய ஆட்டம்) சேர்ந்தன. பேக்கர்ஸில் அவர் கணக்கு 89-29-4; கடைசி எண் சமன்.

பந்தோடு ஓரமாக ஓடும் அவருடைய பவர் ஸ்வீப் ஒன்றைப் புரிந்துகொண்டால் மனிதரையே புரிந்துகொள்ளலாம். வலப்பக்கம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரிடமிருந்து பந்து வந்ததும், அவருக்கு இரு பக்கமும் நிற்கும் இரண்டு கார்டுகளும் எதிரே இருப்பவரைத் தொடாமல் பின்னால் ஒரு எட்டு எடுத்து வலப்பக்கமாக ஓடுவார்கள். அந்தக் காலத்தில் ஜெரி கிரேமர், ஃபஸ்ஸி தர்ஸ்டன். பின்வரிசையில் நிற்கும் ஃபுல்பேக் டெய்லர், எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை மடக்க வேண்டும். தன் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் ரான் கிரேமர், எதிரே நிற்கும் லைன்பேக்கரை (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) இந்தப் பக்கம்தான் தள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை; அவன் எந்தப் பக்கம் போக விரும்புகிறானோ அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போகலாம். முதலில் வரும் கார்ட், எதிரணியின் ஓரத் தடுப்பாளரான கார்னர்பேக்கை வெளிப்பக்கம் தள்ளுவார். பின்னால் வரும் கார்ட், டைட் எண்ட் எந்தப் பக்கம் தள்ளினார் என்று பார்த்து உள்ளே திரும்புவார். பந்தோடு வரும் ஹாஃப்பேக் ஹார்னங் இடைவெளி தெரியும் பக்கம் நுழைவார்.

இதில் கெடுகிற இடங்கள் இரண்டு. இடப்பக்க, வலப்பக்க கார்டுகள் காலி செய்த இடத்தில் எதிரணியின் முன்வரிசை ஆளான டேக்கிள் புகுந்துவிட்டால், ஹார்னங் திரும்புவதற்குள் பின்னாலேயே பிடிபடுவார். அதனால் சென்டர் ஜிம் ரிங்கோ மிக வேகமாகப் பக்கவாட்டில் போய் அவரைத் தடுத்தாக வேண்டும். டைட் எண்ட் ஒரு கெஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டாலும் ஓடி வரும் கார்டுகள் அவர் காலில் இடறுவார்கள். லம்பார்டி புதிது புதிதாக ஆட்டங்களைச் சேர்க்காமல், இந்த ஒன்றையே எதிரணி எப்படி நின்றாலும் செல்லும் வரை திரும்பத் திரும்ப ஆடவைத்தார். வரப்போவது தெரிந்தும் எதிரணியால் நிறுத்த முடியவில்லை.

1967 டிசம்பர் 31 அன்று டல்லஸ் கௌபாய்ஸோடு நடந்த, ஐஸ் பவுல் என்று பெயர் பெற்ற லீக் இறுதி ஆட்டம் அதே பிடிவாதத்தின் உச்சம். வெப்பநிலை மைனஸ் 25 செல்சியஸ். 17-14 பின்தங்கியிருக்கிறார்கள், கோட்டுக்கு ஒரு யார்டுக்கும் குறைவு, 16 விநாடி, டைம் அவுட் இல்லை. ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) அடித்துச் சமன் செய்யலாம். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஸ்டார், பந்தை வேறு யாரிடமும் கொடுக்காமல், ஜெரி கிரேமருக்கும் சென்டர் கென் போமனுக்கும் பின்னாலேயே விழுந்து நுழைந்தார். 21-17.

1968-ல் லம்பார்டி பயிற்சியாளர் பதவியை உதவியாளர் ஃபில் பெங்ட்சனிடம் கொடுத்துவிட்டு மேனேஜராக மட்டும் ஒரு வருஷம் இருந்தார்; பிறகு வாஷிங்டன் போனார்; 1970 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். பெங்ட்சன் தற்காப்பில் மேதை. ஆனால் கையில் இருந்தது வயதான அணி. மூன்று வருஷத்தில் 20-21-1.

இனித்தான் தப்பு ஆரம்பிக்கிறது. லம்பார்டி இரண்டு பதவியையும் வைத்திருந்து ஜெயித்தார், ஆகவே வருகிறவருக்கும் இரண்டையும் கொடுப்போம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. 1971-ல் மிசூரி பல்கலைக்கழகத்திலிருந்து டேன் டிவைன் வந்தார். முதல் ஆட்டத்திலேயே எல்லைக்கோட்டுக்கு வெளியே வந்து விழுந்த ஆட்டக்காரர்கள் அவர் காலை உடைத்தார்கள். 1972-ல் 10-4 எடுத்து பிளேஆஃப் போனார். அங்கே வாஷிங்டன் முன்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தி ஓட்டத்தை அடைத்தது. பாஸ் போட நம்பகமான குவார்ட்டர்பேக் இல்லை. 16-3 தோல்வி.

1974 அக்டோபரில், வேலை ஆட்டம் காணும் நேரத்தில், டிவைன் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸிடமிருந்து ஜான் ஹேடில் என்ற 34 வயதுக் குவார்ட்டர்பேக்கை வாங்கினார். கொடுத்த விலை: 1975-ன் முதல், இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தேர்வுகள், 1976-ன் முதல், இரண்டாம் சுற்றுத் தேர்வுகள். ஐந்து தேர்வு! ஹேடில் கிரீன் பேயில் போட்டது 9 டச் டவுன் பாஸ், 29 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). தனியாக ஒரு ஜெனரல் மேனேஜர் இருந்திருந்தால் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். டிசம்பரில் வேலை போய்விடும் என்று பயப்படுகிற பயிற்சியாளருக்கு 1976 டிராஃப்ட் யாருடைய பிரச்சினை? டிவைன் அந்தப் பருவம் முடிந்ததும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கடனை அடைக்க வந்தவர் பார்ட் ஸ்டார். 1975 முதல் 1983 வரை ஒன்பது வருஷம், 52-76-3. அவரும் மேனேஜர் பதவியோடுதான் வந்தார். அதை 1980 முடிவில் எடுத்துக்கொண்டார்கள். மேல்சுற்றுத் தேர்வுகள் இல்லாமல் தொடங்கிய மனிதரை முழுக்கக் குறை சொல்ல முடியாது என்பது என் கட்சி. அதே சமயம், 1981 டிராஃப்டில் ஆறாவது இடத்தில் ரானி லாட்டை விட்டுவிட்டு ரிச் காம்ப்பெல் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்ததற்கு டிவைன் மேல் பழி போட முடியாது. லாட் ஹால் ஆஃப் ஃபேம் போனார். காம்ப்பெல் பெயரே மறந்துபோனது. வேலைநிறுத்தத்தால் சுருங்கிய 1982 பருவத்தில் மட்டும் பிளேஆஃப்.

கிரெக் (1984–87) 25-37-1 என்ற கணக்கோடு தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போனார். லிண்டி இன்ஃபான்டே (1988–91) 1989-ல் 10-6 எடுத்தும் பிளேஆஃப் கிடைக்கவில்லை. மற்ற மூன்று வருஷமும் தோல்விதான் அதிகம். அந்த 1989 டிராஃப்டில் இரண்டாவது தேர்வாக டோனி மாண்டரிச்சை எடுத்தார்கள். அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள் பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். மூவரும் ஹால் ஆஃப் ஃபேம். 1968 முதல் 1991 வரை 24 பருவத்தில் பிளேஆஃப் போனது இரண்டே முறை.

திருப்பம் வந்தது பயிற்சியாளரால் அல்ல. 1989-ல் தலைவரான பாப் ஹார்லன், 1991 நவம்பரில் ரான் வுல்ஃபை ஜெனரல் மேனேஜராக்கி, ஆட்டம் சம்பந்தப்பட்ட எல்லா முடிவும் உங்களுடையது, குழு தலையிடாது என்று உறுதி கொடுத்தார். வுல்ஃப் இன்ஃபான்டேயை அனுப்பிவிட்டு, சான் பிரான்சிஸ்கோவின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் மைக் ஹோம்கிரனைக் கொண்டுவந்தார். 1992 பிப்ரவரியில் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை அட்லாண்டாவிடம் கொடுத்து பிரெட் ஃபாவ்ரை வாங்கினார். ஃபாவ்ர் அதுவரை தொழில்முறை ஆட்டத்தில் நான்கு பாஸ் போட்டு ஒன்றைக்கூடச் சேர்ப்பித்ததில்லை. இரண்டு எதிரணி கையில் போயிருந்தது. டிவைன் 34 வயதுக்காரருக்கு ஐந்து தேர்வு கொடுத்தார். வுல்ஃப் 22 வயதுக்காரருக்கு ஒன்று.

ஹோம்கிரன் கொண்டுவந்தது வெஸ்ட் கோஸ்ட் முறை: குறுகிய பாஸ், குவார்ட்டர்பேக்கின் கால் எட்டுகளோடு கணக்கிட்ட நேரம். ஃபாவ்ரின் முரட்டுக் கையை இந்த ஒழுங்குக்குள் அடக்கியதுதான் அவருடைய பெரிய வேலை. 1992-ல் அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்களில் ஆண்டி ரீட், ஜான் க்ரூடன், ஸ்டீவ் மாரியூச்சி மூவரும் பின்னாளில் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். 1997 ஜனவரியில் நியூ இங்கிலாந்தை 35-21 வென்று சூப்பர் பவுல். அடுத்த வருஷம் டென்வரிடம் 31-24 தோல்வி. 24-24 என்றிருந்தபோது கடிகாரத்தை மிச்சப்படுத்த எதிரணியை வேண்டுமென்றே டச் டவுன் போட விட்டார். அது முதல் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) என்று நினைத்திருந்தார். உண்மையில் இரண்டாவது. ஏழு வருஷத்தில் 75-37. மேனேஜர் பதவியும் வேண்டும் என்று ஆசைப்பட்டு 1999-ல் சியாட்டில் போனார். அங்கே 2002 முடிவில் அந்த மேனேஜர் பதவியைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகுதான் சூப்பர் பவுல் வரை போனார்.

ரே ரோட்ஸ் 1999-ல் ஒரே வருஷம், 8-8. அடுத்து மைக் ஷெர்மன். 2001-ல் வுல்ஃப் ஓய்வு பெற்றதும் ஷெர்மனுக்கு மேனேஜர் பதவியையும் கொடுத்தார் ஹார்லன். அனுபவப்பட்டும் அதே பள்ளம். 12-4, 12-4 என்று பருவங்கள் பிரமாதமாகப் போயின. டிராஃப்ட் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. 2004-ல் மூன்றாம் சுற்றில், அதுவும் மேலே ஏறி வாங்கி, ஒரு பண்ட்டரை (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு அனுப்புகிறவர்) எடுத்தார் ஷெர்மன். 2004 ஜனவரியில் பிலடெல்பியாவில் மூன்று புள்ளி முன்னிலையில் நான்காவது டவுனில் ஒரு யார்டு மட்டும் தேவைப்பட்டபோது பந்தை உதைத்து அனுப்பினார். எதிரணி அதே கடைசி நேரத்தில் 26 யார்டு தேவைப்பட்ட நான்காவது டவுனைப் பிடித்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 20-17 ஜெயித்தது. 2005 தொடக்கத்தில் டெட் தாம்சன் மேனேஜரானார். அந்தப் பருவம் 4-12, ஷெர்மன் வெளியே.

தாம்சன் கொண்டுவந்தவர் மைக் மெக்கார்த்தி (2006–18), 125-77-2. 2008-ல் ஃபாவ்ரை அனுப்பிவிட்டு ஆரன் ராட்ஜர்ஸிடம் அணியைக் கொடுத்த முடிவில் இருவரும் சேர்ந்தே நின்றார்கள். 2010 பருவத்தில் ஆறாம் இடத்தில் நுழைந்து, பிலடெல்பியா, அட்லாண்டா, சிகாகோ என்று மூன்று ஊரிலும் வெளியூர் அணியாக ஜெயித்து, பிட்ஸ்பர்க்கை 31-25 வென்றார்கள். அடுத்த வருஷம் 15-1. பிறகு தாக்குதல் முறை பழகிப்போய் எதிரணிகளுக்கு மனப்பாடமானது. 2015 ஜனவரியில் சியாட்டிலில் முதல் கால் பகுதியிலேயே கோட்டுக்கு ஒரு யார்டில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் ஃபீல்ட் கோலோடு திருப்திப்பட்டார். கூடுதல் நேரத்தில் 28-22 தோல்வி. 2018 டிசம்பர் 2 அன்று சொந்த மைதானத்தில் அரிசோனாவிடம் 20-17 தோற்ற அன்றே நீக்கினார்கள். பாக்கி நான்கு ஆட்டம் ஜோ ஃபில்பின் பார்த்தார்.

அந்த வருஷத் தொடக்கத்திலேயே தலைவர் மார்க் மர்ஃபி அமைப்பை மாற்றியிருந்தார். பயிற்சியாளர் ஜெனரல் மேனேஜருக்குக் கீழே இல்லை. பயிற்சியாளரும் மேனேஜர் பிரையன் கூட்டகன்ஸ்டும் தனித்தனியே தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டும். 2019-ல் 39 வயதில் வந்த மேட் லஃப்லூர் வேலை செய்தது இந்த ஏற்பாட்டில்தான். முதல் மூன்று பருவம் 13-3, 13-3, 13-4. பிளேஆஃபில் கதை வேறு. 2021 ஜனவரியில் டாம்பா பேயிடம் 31-23 பின்தங்கியிருந்தபோது, எட்டு யார்டில் நான்காவது டவுன், இரண்டு நிமிஷம் சொச்சம். ஃபீல்ட் கோல் அடித்தார். பந்து திரும்பக் கிடைக்கவே இல்லை. டச் டவுன் போட்டாலும் சமன் செய்ய அடுத்து வரும் இரண்டு புள்ளி முயற்சியிலும் ஜெயிக்க வேண்டும் என்று வாதிடுவார்கள். எதிரே டாம் பிரேடி மாதிரி ஒரு குவார்ட்டர்பேக் இருக்கும்போது பந்தைக் கொடுப்பதைவிட அது மேல். மறுவருஷம் சொந்த மைதானத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் 13-10. தடுக்கப்பட்ட ஒரு பண்ட்தான் எதிரணியின் ஒரே டச் டவுன்.

இதற்கு நடுவில், 2020 டிராஃப்டில் கூட்டகன்ஸ்ட் நான்கு இடம் மேலே ஏறி ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார். முந்தின பருவம்தான் அணி சாம்பியன்ஷிப் ஆட்டம் வரை போயிருந்தது; ராட்ஜர்ஸுக்கு உடனே உதவக்கூடிய ஒரு ரிசீவரை (பாஸ் பிடிக்கிறவர்) எடுத்திருக்கலாம் என்று எல்லோரும் திட்டினார்கள். அந்த வருஷமே கோப்பை வேண்டும் என்கிற பயிற்சியாளர் கையில் தேர்வு இருந்திருந்தால் லவ் வந்திருப்பாரா என்பது சந்தேகம். 2023-ல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனதும் லவ் அணியை எடுத்துக்கொண்டார். அந்தப் பருவமே லீகின் மிக இளைய அணிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு பிளேஆஃபில் டல்லஸை அதன் ஊரிலேயே 48-32 வென்றார்கள். 2024-ல் 11-6. 2025 ஜூலையில் மர்ஃபி ஓய்வு பெற, எட் பாலிசி தலைவரானார்.